மூடித் தண்ணீர்

இதெல்லாம் இதே வரிசையில்தான் நடந்ததா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செடிகள் வந்து இறங்கிய அன்று காலையில்தான் சாவுச் செய்தியும் வந்தது என்று ஒரு நினைவு. இல்லை, செய்தி முந்தின நாளே வந்துவிட்டது என்று கிருஷ்ணசாமி சொல்கிறார். அவர் பேசுவதே அபூர்வம் என்பதால் அவர் சொல்வதைச் சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் திண்டிவனத்தில், துக்க வீட்டு வாசலில், அம்சா சொன்ன அந்த ஒரு சொல்லில் மட்டும் பிசகு கிடையாது. அதைக் காதால் கேட்டவர்கள் நிறையப் பேர்.

அம்சாவுக்கு விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் இடியாப்ப வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த கொட்டகை. அதில் மூன்று அடுப்பு, மூன்று பெரிய அண்டா. பொழுது விடிகிற நேரத்தில் சைக்கிள்காரர்கள் வந்து வரிசையாக நிற்பார்கள். டப்பாவை நிரப்பிக்கொண்டு, ஆரனை அமுக்கிக்கொண்டு, ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்து போவார்கள். அவள் கணவர் கிருஷ்ணசாமி குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். சிமெண்டு, பந்தல் சாமான், வாழைத்தார் எது கிடைத்தாலும் ஏற்றுவார். ஒரே மகள் வேணி. புதுச்சேரியில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் திண்டிவனத்துப் பையன் சேரனை நிச்சயம் செய்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவன். அதிர்ந்து பேசமாட்டான்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். மண்டபமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. தாம்பூலப் பை மட்டும் பெண் வீட்டார் கொடுப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். பையில் தேங்காய்க்குப் பதிலாகச் செடி கொடுக்கலாம் என்றாள் வேணி. இப்போது கல்யாணங்களில் வேப்பங்கன்று, புங்கங்கன்று கொடுப்பது சகஜமாகிவிட்டது. பாதிக் கன்றுகள் மண்டப வராந்தாவிலேயே கிடக்கும். நடுவதற்கு யாரிடம் இடம் இருக்கிறது? ஆகவே வீட்டுக்குள் வைக்கிற செடியாக வேணி தேர்ந்தெடுத்தாள். அவள் அலுவலக மேசையில் அப்படி ஒன்று இருந்தது. கலத்தியா என்று பெயர். இலையின் மேல்புறம் யாரோ தூரிகையால் இறகு வரைந்து வைத்ததுபோல் இளம்பச்சைக் கோடுகள், அடிப்புறம் ஆழ்ந்த ஊதா. குடிதண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில், வெயில் படாமல், அது பாட்டுக்குத் தழைத்துக்கொண்டிருந்தது. அங்கே வளர்ந்தது எங்கேயும் வளரும் என்று அவள் நினைத்துவிட்டாள். திருச்சூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றுக்குச் சொல்லி, நூற்றுச் சொச்சம் சின்னத் தொட்டிகள் லாரியில் வந்து இறங்கின. அது சித்திரை மாதக் கடைசி. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது.

கல்யாணத்துக்கு இன்னும் சில நாட்கள்தான் என்கிற தைரியத்தில் வரவழைத்தது. அதற்குள் சேரனின் பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். பங்காளித் தீட்டு. கருமாதி முடியாமல் கல்யாணம் பேசக்கூடாது. தேதி தள்ளிப் போயிற்று, செடிகள் கொட்டகையில் நின்றன.

துக்கம் கேட்கப் புருஷனும் பெண்டாட்டியும் திண்டிவனம் போனார்கள். சேரனுக்கு அப்பா இல்லை. அந்த வீட்டில் சொல் செல்லுபடியாவது அவன் அத்தை காந்திமதிக்குத்தான். அண்ணன்மார் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள். இறந்து போனது அவளுடைய மூத்த அண்ணன். அழுது ஓய்ந்து, முகம் வீங்கி, பந்தலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அம்சா அவள் கையைப் பிடித்தாள். பிறகு யாரோ ஒருத்தி, தாம்பூலத்துக்கு வந்த செடியெல்லாம் இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டுவைத்தாள்.

காந்திமதி தலையைத் தூக்கினாள். "தேதி குறிச்ச கையோட எங்கண்ணனத் தூக்கிக் குடுத்துட்டோம். அந்தச் செடியாவது நிக்குதான்னு பாப்போம்."

பந்தலில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அதன் அர்த்தம் புரிந்தது. பெண் ராசி. செடியும் போனால் அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடும்.

"நிக்கும் அண்ணி" என்றாள் அம்சா.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை கிருஷ்ணசாமி வாய் திறக்கவில்லை. தாண்டியபின்பும் பாதையைப் பார்த்தபடியே, "அது எப்படி வளரும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

அம்சா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெந்து கிடந்த வயல்கள் பின்னால் ஓடின. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். கோபத்தில் சொன்னதல்ல. இருபது வருஷமாக விடியலில் மாவு பிசைகிறாள். பிசையும்போது ஒரு நாளும் இடியாப்பம் வருமா வராதா என்று யோசித்ததில்லை. வரும் என்று கையை வைத்தால் வருகிறது. அந்தப் பழக்கம்தான் வாயில் வந்திருக்கிறது என்று தோன்றியது. அது தப்பாகத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனதும் வேணி சொன்னாள், இந்தச் செடிக்குக் காற்றில் ஈரம் வேண்டும், காய்ந்த காற்று பட்டால் சுருண்டுவிடும் என்று. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. அலுவலகத்தில் இருந்த செடி குளிரூட்டிய அறையில் பிழைத்ததற்குக் காரணமே பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்த குடிதண்ணீர் இயந்திரம்தான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்திருந்தது. அம்சா சிரித்துவிட்டாள். ஈரக் காற்றா வேண்டும்? விழுப்புரத்தில் வேறு எந்த வீட்டில் இவ்வளவு ஆவி எழும்புகிறது?

மறுநாள் விடியலில் ஒரு வரிசைத் தொட்டிகளை அடுப்புத் திட்டுக்கு அருகிலேயே கொண்டுவந்து வைத்தாள். அண்டாவைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளை ஆவி செடிகளின் மேல் போய்ப் படர்ந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. வியாபாரம் முடிந்து பார்த்தபோது அந்த வரிசை முழுவதும் வெந்து, துவண்டு, கரும்பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசி டப்பாவைக் கட்டிக்கொண்டிருந்த சைக்கிள்காரன் ராஜ்குமார் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, இன்னிலேர்ந்து இடியாப்பத்துக்குக் கீரை தொட்டுக்கவா?"

"உனக்கு மட்டும்தான். துட்டு தனி" என்றாள் அம்சா. அவன் போனபின் வெந்த செடிகளைக் குப்பைக் குழியில் கொட்டினாள். ஈரம் வேறு, சூடு வேறு. அன்றைக்கு அதைத் தெரிந்துகொண்டாள்.

மிச்சத்தைக் கொட்டகைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடையில் கொண்டுபோய் அடுக்கினார்கள். மேலே பச்சை வலை இருந்ததால் வெளிச்சம் வரும், வெயில் விழாது. கிருஷ்ணசாமி ஆற்றுமணல் கொண்டுவந்து தரையில் பரப்பி நனைத்தார். இரண்டு பக்கமும் கோணிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். தொட்டிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்தால் ஒன்றின் மூச்சு ஒன்றுக்கு ஆகும் என்றாள் வேணி. அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்சா நடையில் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலையில் விரிந்து படுத்திருந்த இலைகள் எல்லாம் செங்குத்தாக நிமிர்ந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஊதா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எல்லாமே செத்துவிட்டது என்று நினைத்தாள். வேணி வந்து பார்த்துவிட்டு, இது அதன் குணம், இருட்டினால் மூடும், விடிந்தால் விரியும் என்றாள். அம்சா ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. விடியலில் மாவு பிசையப் போகுமுன் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு இலையாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இறங்கியது. வெகுநேரம் நின்று பார்த்ததில் அடுப்பு மூட்டத் தாமதமாகி, சைக்கிள்காரர்களிடம் பேச்சு வாங்கினாள்.

சில நாட்களில் இலையின் ஓரமெல்லாம் பழுப்பேறத் தொடங்கியது. முதலில் நுனி, பிறகு விளிம்பு முழுக்க, காகிதம் கருகுவதுபோல. வெயில் இல்லை, காற்று இல்லை, ஈரம் இருக்கிறது. வேணி எங்கெங்கோ தேடிப் படித்தாள், போன் பண்ணிக் கேட்டாள். உப்புத் தண்ணீராக இருக்கலாம் என்று நர்சரிக்காரர் சொன்னார். போர்த் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அதுதான். கேன் தண்ணீரை வாங்கி ஊற்றலாம் என்றால், கத்திரி வெயிலில் கேன்காரர் வருவதே ஒருநாள் விட்டு ஒருநாள். வருவது குடிக்கவும் மாவுக்குமே பற்றவில்லை.

கிருஷ்ணசாமி ஒரு யோசனை சொன்னார். பேசாமல் வேப்பங்கன்று நூறு வாங்கி வந்துவிடலாம், பையில் வைத்தால் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

"வேப்பங்கன்ன வச்சா, அந்தச் செடி செத்துப்போச்சுன்னு நாமளே ஊருக்குச் சொல்ற மாதிரி ஆயிடுங்க."

அவர் தலையை ஆட்டினார். இருவரும் நடை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பேச ஒன்றும் இல்லாதபோது எழுந்து போய்விடமாட்டார்கள், உட்கார்ந்தே இருப்பார்கள். கோணியிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்சாவுக்கு வழி கிடைத்தது அண்டா தேய்க்கும்போதுதான். வாரத்துக்கு ஒருமுறை அண்டாவின் அடியில் வெள்ளையாகக் கல்போல் படிகிற உப்பைப் புளி போட்டு ஊறவைத்துச் சுரண்டுவாள். போர்த் தண்ணீர் கொதித்துக் கொதித்து விட்டுவிட்டுப் போகிற உப்பு அது. சுரண்டிக்கொண்டிருந்தவள் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். மூடியின் உள்பக்கம் பளபளவென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் மூடியை அவள் ஒருநாளும் சுரண்டியதில்லை. சுரண்ட அதில் எதுவும் படிந்ததே இல்லை.

உப்பு கீழேயே நின்றுவிடுகிறது. மேலே ஏறுவது ஆவி மட்டும்.

இடியாப்பக்காரர்களுக்கு மூடித் தண்ணீர் என்றால் எதிரி. மூடியில் முத்து முத்தாகக் கோத்து, இடியாப்பத்தின் மேல் சொட்டி, மாவை நசநசவென்று ஆக்கிவிடும். அதற்காகவே மூடிக்குத் துணி கட்டுவார்கள். துணியைப் பிழிந்து சாக்கடையில் விடுவார்கள். தன் ஆயுசில் எத்தனை குடம் அப்படிச் சாக்கடையில் விட்டிருப்போம் என்று அம்சா நினைத்துப் பார்த்தாள். மறுநாள் துணியை அவிழ்த்துவிட்டாள். தட்டு மாற்ற மூடியைத் தூக்கும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்து, பக்கத்தில் வைத்த குண்டானில் வழியவிட்டாள். ஒரு தடவைக்கு ஒரு கரண்டி வரும். மூன்று அண்டா, காலை முழுக்க வேலை. இடியாப்பத்தில் சொட்டாமல் மூடியைத் தூக்க முதலில் கை பழகவில்லை. ஒரு ஈடு வீணாயிற்று. பிறகு பழகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் குண்டான் நிறைந்துவிடும். அதை ஆறவைத்து, சாயங்காலம் வேணி வந்ததும் இருவருமாக ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு டம்ளர் என்று, மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்ததற்கு மட்டும் ஊற்றினார்கள்.

பழுப்பேறிய இலை பச்சையாகத் திரும்பவில்லை. அது திரும்பாது. ஆனால் பழுப்பு மேலே பரவாமல் நின்றது. கொஞ்ச நாளில் தொட்டிகளின் நடுவிலிருந்து பீடி சுருட்டினதுபோல் புது இலைகள் சுருளாக எழும்பின. அவை விரிந்தபோது ஓரத்தில் ஒரு கறை கிடையாது. பழுத்த இலைகளை வேணி நகம் வெட்டுவதுபோல் கத்தரித்தாள்.

கருமாதிக்குப் போனபோது காந்திமதி கல்யாணத் தேதியைப் பற்றித் தானாக எடுக்கவில்லை. சேரன்தான் எடுத்தான். வைகாசிக் கடைசியில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது, மண்டபமும் காலியாக இருக்கிறது, நான் முன்பணம் கட்டிவிட்டேன் என்று வீட்டார் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டு, காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். காந்திமதியின் பார்வை அவன் முதுகிலேயே இருந்தது. பிறகு அம்சாவைப் பார்த்தாள்.

"நாத்தனார் முடிச்சு நான்தான் போடணும். அவனுக்கு அக்கா தங்கச்சி இல்ல. மொத நாளே வந்து செடியப் பாக்கறேன், அப்புறம் சொல்றேன்."

நாத்தனார் முடிச்சு இல்லாமலும் தாலி கட்டலாம். யாராவது ஒரு பங்காளிப் பெண்ணைக் கூப்பிட்டுப் போடச் சொல்லலாம். ஆனால் அத்தை போடாத முடிச்சை அந்த வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மாடு கன்று போட்டுச் செத்தாலும் அதைத்தான் சொல்லிக் காட்டுவார்கள். வேணி அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் காலம் தள்ள வேண்டியிருக்கும். அம்சா இதையெல்லாம் நினைத்தாள். வாயில் வந்தது மட்டும் வேறு.

"வந்து பாருங்க அண்ணி. கிட்டப் போய்ப் பாருங்க."

கல்யாணத்துக்கு முதல் நாள் செடிகளை எப்போது ஏற்றுவது என்பதில் வீட்டில் ஒரு சின்னத் தகராறு. காலையிலேயே ஏற்றி நிம்மதியாக இறக்கிவிடலாம் என்றார் கிருஷ்ணசாமி. நெடுஞ்சாலை அனல் காற்று பட்டால் வழியிலேயே கருகிவிடும் என்றாள் அம்சா. சாயங்காலம் இலை மூடிக்கொள்கிற நேரத்தில் ஏற்றினால் காற்று இலையின் முகத்தில் அறையாது, இடமும் குறைவாகப் பிடிக்கும்.

"சாயங்காலம் போனா மூடிக்கினு இருக்கும். அந்தம்மா அப்பதான் பாக்கும்" என்றார் கிருஷ்ணசாமி. நியாயமான பேச்சு. அம்சா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பாத்தா பாக்கட்டும். கருகினத விரிச்சிக் காட்றதவிட உசுரோட மூடிக்கினு இருக்கறது மேல்."

குட்டியானையின் பின்பக்கம் முழுக்க ஈரப் புடவைகளைக் கட்டி, தொட்டிகளை நெருக்கி அடுக்கி, அதற்கு மேலும் ஒரு ஈர வேட்டியைப் போர்த்தினார்கள். அம்சா பட்டுப் புடவையோடு செடிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கிருஷ்ணசாமி அவ்வளவு மெதுவாக அந்த ரோட்டில் ஓட்டியதே கிடையாது. பஸ்களெல்லாம் ஆரன் அடித்துக் கடந்து போயின. கூட்டேரிப்பட்டு தாண்டும்போது ஒருமுறை நிறுத்தி, துணியை நனைத்துக்கொண்டார்கள்.

மண்டபத்தில் வரவேற்பு தொடங்கியிருந்தது. வாசல் பக்கத்து மேசைகளில் தொட்டிகளை வரிசையாக வைத்து முடிப்பதற்குள் காந்திமதி வந்துவிட்டாள், கூட நான்கைந்து பெண்களோடு. மேசையைப் பார்த்தாள். வரிசை வரிசையாக இலைகள் நெட்டுக்குத்தலாக நின்றன, ஊதா முதுகு தெரிய, குடையை மடக்கினதுபோல்.

"வாடிப் போச்சே" என்று கூட வந்தவர்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

காந்திமதி குனிந்தாள். ஒரு இலையைத் தொட்டாள். அம்சா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வெற்றி எதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது, கொஞ்சம் பயமும். இந்தப் பெண்மணி தன் அண்ணன் சாவுக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள், கிடைத்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருக்கிறது என்று அம்சாவுக்கு அப்போதுதான் பட்டது. அதுவரை மனதில் வைத்திருந்த பதில்கள் எல்லாம் வேண்டாதவையாகிவிட்டன.

"தூங்குது அண்ணி. விடிஞ்சா விரிச்சிக்கும். நம்பலன்னா காலைல என்கூட வந்து நில்லுங்க."

மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காந்திமதி கையை எடுத்துக்கொண்டாள்.

"எழுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அம்சா எழுப்ப வேண்டியிருக்கவில்லை. விடியலில் அவள் வாசலுக்கு வந்தபோது காந்திமதி ஏற்கனவே மேசைக்கு எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்சாவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சமையல்கட்டில் வடைக்கு அரைக்கும் சத்தம். மணப்பெண் அறையில் வேணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் கண்ணாடிக் கதவின் வழியாகச் சாய்வாக உள்ளே வந்தது. இரண்டு பெண்களும் செடிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் அசையவில்லை. யாராவது கூப்பிட்டுத் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தால் ஒரு இலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஊதா குறைந்து, பச்சை ஏறி, வரைந்த கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. முகூர்த்தத்துக்குக் கூப்பிட ஆள் வந்தபோது மேசை முழுக்க இலைகள் மலர்ந்து படுத்திருந்தன.

காந்திமதி எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"இத்தினி நாளா இன்னா தண்ணி ஊத்தின?"

"மூடித் தண்ணி அண்ணி. இடியாப்ப அண்டா மூடி."

காந்திமதி அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "நல்ல ஆளுதான் போ" என்றாள். அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.

முதல் இரண்டு முடிச்சைச் சேரன் போட்டான். மூன்றாவதைக் காந்திமதி போட்டாள். கொஞ்சம் இறுக்கமாகவே போட்டாள்.

வேணியும் சேரனும் திண்டிவனத்தில் மேல்மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். வேணி அங்கிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. காந்திமதி அண்ணனுடைய தலை திவசத்தை முன்னின்று நடத்தினாள். ராசி என்ற பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. கிருஷ்ணசாமி குட்டியானையை விற்றுவிட்டு இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், பேச்சு கூடவில்லை. அம்சா இன்னும் இடியாப்பம் போடுகிறாள். மூடிக்கு மறுபடியும் துணி கட்டிவிட்டாள். தாம்பூலத்தில் போன செடிகளில் பெரும்பாலானவை அந்தக் கோடையைத் தாண்டவில்லை. காந்திமதி குளியலறை ஜன்னலில் வைத்தது மட்டும் இரண்டு தொட்டிகளாகப் பிரிந்து, இன்றும் சாயங்காலமானால் மூடிக்கொள்கிறது.